கிரீச் டீச்சர் கட்டிய மலை சைக்கிள்

இந்த ஊரின் அத்தனை சத்தங்களையும் மன்னித்துவிட்டு, ஒரு சைக்கிளின் முனகலை மட்டும் மன்னிக்காத மனுஷி உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் காக்ஸ் டவுன் காம்பவுண்டின் கீழ்வீட்டில் இருக்கிறார். தண்ணீர் லாரி, எதிர்வீட்டு நாய், தெருவைத் தோண்டும் மிஷின், எதுவும் அவர் காதில் ஏறாது. சைக்கிளில் எங்கேயோ ஒரு 'கிரீச்' கேட்டால் மட்டும், சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வந்துவிடுவார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகவே கிரீச் டீச்சர். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும் தெரியும்.

நான் மாடி வீடு. எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஸ்கூல் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். பயம் என்னோடு கூடப்பிறந்தது. வேனை நிறுத்திவிட்டு வந்தால், ஹேண்ட்பிரேக் போட்டேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, பார்க்கும்போது கை பட்டு விடுபட்டிருக்குமோ என்று மறுபடியும் போவேன். இப்படிப்பட்டவன் காலுக்குக் கீழே, அறுபது தாண்டிய ஒரு அம்மா மலையில் உருண்டு இறங்குவதற்கென்று சைக்கிள் கட்ட ஆரம்பித்தால், எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

"ஏன் டீச்சர், கடையில ஒண்ணு வாங்கிட்டா ஆச்சு இல்ல?" என்று கேட்டேன்.

"கடை சைக்கிளு கம்பெனிக்காரன் மனசுல நெனச்ச ஆளுக்குப் பண்ணது, தம்பி. அந்த ஆளு நான் கெடையாது."

ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. கிரண் என்று ஒரு ஐ.டி. பையன் நடத்தும் சைக்கிள் கூட்டத்தில் டீச்சரும் சேர்ந்திருந்தார். அவர்கள் சக்லேஷ்பூர் காப்பித் தோட்ட மலைகளுக்குப் போவதாக ஏற்பாடு. கிரண் மரியாதையான பையன்தான். அதனால் முடியாது என்று நேரே சொல்லாமல் ஒரு நிபந்தனை வைத்தான். ஆனேக்கலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறைச் சரிவில் காலைத் தரையில் ஊன்றாமல் இறங்க வேண்டும். இறங்கினால் கூட வரலாம். கால் பட்டால், அடுத்த வருஷம் பார்ப்போம்.

"அடுத்த வருஷம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? என் சர்வீஸ்ல எத்தனை பேருக்கு அதையே நான் சொல்லிருக்கேன்" என்றார் டீச்சர்.

ஹாலில் சோபா ஓரம் ஒதுங்கியது. துணி காயப்போடும் ஸ்டாண்டில் சைக்கிள் ஃபிரேம் ஏறி உட்கார்ந்தது. கூரியர்காரர் தினம் ஒரு பெட்டி கொண்டுவந்து, கடைசியில் வாசலில் நின்று "டீச்சர், இன்னிக்கு எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு உறவாகிவிட்டார்.

சக்கரம் கட்டிய வாரம் தனிக் கூத்து. டீச்சர் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, ஸ்ருதி சேர்த்தார். "கேளு தம்பி. இது சிரிக்குது, பக்கத்துல இருக்கறது அழுவுது. ரெண்டும் ஒரே மாதிரி பாடணும்." எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. சொன்னால் வேறு கம்பியைச் சுண்டுவாரோ என்று தலையாட்டி வைத்தேன்.

அப்புறம் செயின். எண்ணெய் போட்டால் மண் ஒட்டுமாம். அதனால் ஒரு பழைய இட்லிப் பானையில் மெழுகை உருக்கி அதில் செயினை ஊறவைத்தார். மாடியில் என் மனைவி செல்வி மூக்கை உறிஞ்சிவிட்டு, "டீச்சர் வீட்ல இன்னிக்கு என்ன பண்றாங்க, ஒரு மாதிரி வாசன வருது" என்றாள். நான் ஈரச் சாக்கோடு கீழே ஓடி, அடுப்புக்குப் பக்கத்தில் தீயணைப்புப் படை மாதிரி நின்றேன். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்தது வந்துட்டே, அந்த இடுக்கிய எடு" என்றார்.

என் மானம் போனது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில்தான். மலை சைக்கிளின் ஃபோர்க்குக்குள் காற்று இருக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அது கொஞ்சமாக அமுங்க வேண்டும். ரொம்ப அமுங்கினால் மெத்தை, அமுங்காவிட்டால் மரக்கட்டை. எவ்வளவு காற்று என்பது ஆளின் எடையைப் பொறுத்தது. டீச்சர் ஏறி உட்கார்ந்து, அமுங்குவதை என்னை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னார். மேலே இருக்கிறவர் விழுந்துவிடுவாரோ என்று நான் ஸ்கேலைவிட அவரையே அதிகம் பார்த்தேன்.

"எவ்ளோ?"

"பதினெட்டு, டீச்சர். இல்ல, எட்டு. இருங்க, ஸ்கேல திருப்பிப் புடிச்சுட்டேன்."

"எறங்கறேன். நீ ஏறு, நான் அளக்கறேன். உன் எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல நான். கணக்குப் போட்டு எனக்கு மாத்திக்கறேன்."

ஏறினேன். அளந்தார். கணக்குப் போட்டார். காற்றைக் குறைத்தார். மறுநாள் அவரே ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தரையைக் கும்பிட்டது. கணக்கை மறுபடி போட்டார், சரியாக இருந்தது. ஃபோர்க்கைக் கழற்றினார், அதுவும் சரியாக இருந்தது. தன் கணக்கு தப்பாகிற அதிர்ச்சியில் அன்று காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டார். கடைசியில் என்னை மறுபடி ஏறச் சொல்லி, இந்த முறை ஃபோர்க்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னொரு கை எங்க இருக்கு?"

"ஜன்னல் கம்பியில, டீச்சர்."

"நேத்து?"

"நேத்தும் கம்பியிலதான். விழுந்துட்டேன்னா?"

"பாதி உடம்ப ஜன்னல்ல தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. நான் பாவம், ஃபோர்க்கத் திட்டிக்கிட்டிருக்கேன்." கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கணக்கையும் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போகட்டும். உன் பயம் எத்தன கிலோன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அன்றிலிருந்து என் பயத்துக்கு அந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்தது. "சும்மா பயப்படாத. எதுக்குன்னு சொல்லு" என்பார். ஹேண்டில் கழன்றுவிட்டால் என்பேன். போய் முறுக்கிப் பார்ப்பார். பின் பிரேக் பிடிக்காவிட்டால் என்பேன்; பிடித்துக் காட்டுவார். சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் மேல் எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை. அது நிஜமாகவே லூசாக இருந்தது. அன்று எனக்கு மட்டும் முட்டை போண்டா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை என் வேனில் ஏற்றி ஆனேக்கல் பக்கம் போனோம். செல்வி புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். கிரண் கூட்டம் சரிவுக்கு அடியில் நின்றது. டீச்சர் மேலேயிருந்து கிளம்பினார். முதல் பாறை, இரண்டாம் பாறை, அழகாக வந்துகொண்டிருந்தவர் பாதி வழியில் சட்டென்று நிறுத்தி, காலை ஊன்றி, இறங்கி, சைக்கிளைச் சாய்த்துக் காதை வைத்தார்.

கிரண் மேலே ஓடினான். "ஆன்ட்டி, ஏனாயித்து? என்னாச்சு? கால் வெச்சுட்டீங்களே."

"கிரீச்சுன்னுச்சுப்பா. லெஃப்ட் பெடல்." பையிலிருந்து ஸ்பானரை எடுத்து முறுக்கத் தொடங்கினார்.

"எறங்கி முடிச்சிட்டுப் பாத்திருக்கலாம் இல்ல?"

"அதுவரைக்கும் அந்தச் சத்தத்தோட நான் எப்பிடி வர்றது?"

கிரணுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவன் ஐ.டி.காரன். "ரூல் ரூல்தான் ஆன்ட்டி. வேணும்னா மேலேர்ந்து இன்னொரு வாட்டி. லாஸ்ட்டு."

சைக்கிளை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன். டீச்சருக்கு மூச்சு வாங்கியது. முதல் முறையாக அவர் முகத்தில் என்னுடைய பயம் தெரிந்தது. ஒரு நொடி எனக்கே பயமாகிவிட்டது.

"தம்பி, இதுல எங்க உனக்கு ரொம்ப பயமா இருக்கு?"

"எல்லா எடத்துலயும், டீச்சர்."

"ரொம்ப."

கீழே, திருப்பத்தில் சரளைக்கல் கொட்டிக் கிடந்த இடத்தைக் காட்டினேன்.

"அங்க போய் நில்லு. உன்னப் பாத்ததும் ஸ்பீட கொறச்சுடறேன். உன்னத் தாண்டிட்டா அப்புறம் பயமில்லன்னு பிரேக்க விட்டுடறேன்."

போய் நின்றேன். கண்ணை மூடினால் நான் இடம் நகர்ந்து அவருக்குக் குறி தப்பும் என்பதால், வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டே பயந்தேன். வந்தார். சரளைக்கு முன்னால் வேகம் குறைந்தது. சக்கரம் நழுவப் பார்த்து, நழுவாமல், என் சட்டை உரசத் திரும்பியது. டயரில் கல் நசுங்குவதைத் தவிர சைக்கிளில் ஒரு சத்தமும் இல்லை. கீழே கை தட்டினார்கள். கிரண் அங்கிருந்து, "சக்லேஷ்பூருக்குப் பேக் பண்ணிக்கோங்க ஆன்ட்டி" என்று கத்தினான். நான் உட்காரக் கல் தேடினேன்.

டீச்சர் சக்லேஷ்பூர் போயிருக்கிறார். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்கு வழக்கமான பயங்களெல்லாம் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் அங்கே பாறை வழுக்குமே என்று புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சொன்னால் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல தம்பி, டைட்டாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்தான் ஊரில் இல்லை.