மூன்று சுழி

நின்றபடியே குறட்டை விடும் மனிதர் உலகத்துக்கு ஒருவர்தான். அவரையும் விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராகப் போட்டிருந்தார்கள். தினமும் அதில் போகும் எங்களுக்கு அவர் ஏர்பிரேக். கம்பியில் சாய்ந்து 'புஸ்ஸ்' என்று மூச்சை விட்டாரென்றால், பஸ் நின்றுவிட்டதென்று நாலு பேர் மூட்டையோடு எழுந்துகொள்வார்கள். அவர் ஊர் பெயரைக் கூவாததால் விக்கிரவாண்டிக்காரர்கள் திண்டிவனத்தில் இறங்கித் திட்டுவார்கள்.

சத்தம் பொறுக்காமல் அவர் மனைவி அன்னம் முகையூரில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. "கொறட்டைய நிறுத்து, அப்பால வர்றேன்னுடுச்சு சார்" என்றவர், தொண்டை டாக்டரிடம் என்னைத் துணைக்கு இழுத்துப் போனார். நான் தமிழ் எழுதுகிறவனாம், விளங்காததை விளக்குவேனாம்.

டாக்டர் சோதனை முடிவைப் பார்த்தார். "தூக்கத்துல மூச்சு அடைபடுது. லேசாத்தான். எல்லாத்துக்கும் காரணம் அண்ணம்தான்."

"அது முகையூர்ல இருக்குதே சார்!"

"அண்ணம் தொளதொளன்னு தொங்கிப்போச்சுங்க. மரத்துப்போக ஊசி போட்டு, மூணு சின்னக் குச்சி சொருகிட்டா வெறச்சுக்கும். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"கொறட்ட உடறது நானு, குச்சி அதுக்கா? என்னா பேஜாரு சார் இது!"

என்னைப் பார்த்தார். நானும் குழம்பித்தான் கிடந்தேன். ஒருவர் மூச்சு இன்னொருவரிடம் அடைபடுமோ? கல்யாணம் என்பதே அதுதானோ? கவிதையாகத் தோன்றியது, வைத்தியமாகத் தோன்றவில்லை.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் பையில் திணித்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நேரே முகையூருக்கு விட்டார். களத்தில் வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, காயவைத்துக்கொண்டிருந்தாள் அன்னம்.

"அன்னம்! உம்மேல ஒரு ஊசி பட உட மாட்டேன்! நீ வராட்டியும் பரவால்ல, நான் இப்பிடியே கொறட்ட உட்டுக்கினு கெடக்குறேன்!"

அவள் தாளை வாங்கி வாசித்தாள். பிறகு மல்லாட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"யோவ், இது மூணு சுழி அண்ணம்யா! வாய்க்குள்ள மேல்பக்கம்! நான் ரெண்டு சுழி!" என்னிடம் திரும்பினாள். "ஏன் சார், நீங்களும் கூடத்தான இருந்தீங்க?"

நான் மல்லாட்டையை எண்ண ஆரம்பித்தேன்.

சிரிப்பு அடங்கியதும், "எனக்கு ஊசின்னதும் ஓடியாந்துச்சு பாரு" என்றபடி துணிப்பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குச்சி வைத்த பிறகு குறட்டை முழுக்கப் போகவில்லை. ஊதுவத்திப் புகைபோல மெலிந்தது. அது போதும் என்றாள்.

ஏர்பிரேக் கண்கொட்டாமல் ஊர் ஊராகக் கூவினார். தூங்குவது என் முறையானது. தோளில் இரண்டு விரல் வைத்து, "சார், திண்டிவனம்" என்பார்.

இப்போது வேறு பஸ், வேறு கண்டக்டர். ஊர் வந்தது தெரிந்தும் ஒரு நொடி கண்ணை மூடியே வைத்திருக்கிறேன்.