மூன்று குருவித் தோரணம்

கலியாண வீடுகளில் எனக்கு ஒருவரும் வேலை தருவதில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றக்கூட விடமாட்டார்கள். "நீங்கள் இருங்கோ அண்ணை, இருந்தாலே காணும்" என்று தோளைப் பிடித்துக் கதிரையில் அமர்த்திவிடுவார்கள். பார்க்கிறவர்கள் என்னை ஏதோ பெரிய மனிதன் என்று நினைப்பார்கள். (அந்தக் கதிரை மரியாதைக்குப் போட்டதில்லை, காவலுக்குப் போட்டது.) எண்பத்தாறாம் ஆண்டில், யாழ்ப்பாணப் பட்டணத்துக் குறுகலான ஒழுங்கை ஒன்றில், ஒரே ஒரு காலை வேளையில் நான் தேடிக்கொண்ட பெயர் அது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அளவெட்டியிலிருந்து வந்து இரும்புக் கடை ஒன்றில் ஆணியும் பிணைச்சலும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். தங்கியிருந்தது மாஸ்டர் வீட்டு முன் அறையில். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். ஒரு பேச்சுக்கு ஒரு சொல் என்று அளந்து கதைப்பார். நான் அவருக்கும் சேர்த்துக் கதைப்பேன்.

கடை பூட்டியதும் சைக்கிளில் ஏறிவிடுவேன். எங்கள் பக்கத்தில் இருநூறு யார் தூரம் போனால் மனிதர் மாறுவார்கள், மணம் மாறும், கதைக்கிற மாதிரியும் மாறும். ஒரு சந்தியில் பேக்கரி வெதுப்பு, அடுத்ததில் தோய்த்த வலையின் உப்பு, அதற்கும் அடுத்ததில் பள்ளிவாசல் கஞ்சி. எங்கே இருவர் நின்று கதைத்தாலும் மூன்றாவது ஆளாக நானும் நிற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அதுதான் பள்ளிக்கூடம். நல்லதாக ஒருவர் ஏதும் சொன்னால் ஆணி சுற்றுகிற தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

அந்தத் தாள்களில் பாதிக்குச் சொந்தக்காரி மரியசீலி அக்கா. ஒழுங்கையின் நடுவில் இருந்தவர். கணவர் கடலுக்குப் போகிறவர். "தம்பி, உன்ரை வாய்க்கு ஒரு பூட்டு வாங்கு. திறப்பை என்னட்டைத் தந்திடு" என்பது அவர் என்னைப் பற்றிச் சொன்னது. மற்றப் பாதி, ஒழுங்கை வாசலில் தையல் கடை வைத்திருந்த காசிம் நானாவுடையது. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. "ஆளை அளக்கிறதுக்கு நாடா என்னத்துக்கு, கதைக்க விட்டாக் காணும்" என்பார்.

மாஸ்டருக்கு ஒரே பிள்ளை, புவனாக்கா. முன்பு அவருக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று குழம்பியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே, எங்கள் ஒழுங்கை வாசலில், விறகு ஏற்றிய வண்டில் ஒன்று வந்ததாம். சகுனப் பிழை என்று காரைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். மூன்று வருடம் அந்த வீட்டு வாசற்படலையை வேறு ஒருவரும் தட்டவில்லை. பிறகுதான் தெல்லிப்பழைச் சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் தாயில்லாத அவரை வளர்த்தவர் அவருடைய மாமி. குறுக்கே பூனை போனால் பூனையின் வீட்டுக்காரரைத் தேடிப் போய் விசாரிக்கிற ஆள்.

"இந்த முறையும் குழம்பினா என்ரை பிள்ளைக்கு இனி ஒண்டும் இல்லை, ராசன்" என்று மாஸ்டர் ஒருநாள் சொன்னார். அவர் என்னோடு கதைத்த மிக நீளமான வசனம் அதுதான்.

அந்த வசனம் என்னை உருக்கிவிட்டது. உருகியவன் சும்மா இருந்திருக்கலாம். "தோரண வேலை முழுக்க என்ரை பொறுப்பு, மாஸ்டர். பட்டணத்துச் சனத்துக்கு ஓலை மடிக்கத் தெரியாது. நான் அளவெட்டியான்" என்றேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், காசிம் நானாவின் கடை வாசலில் குருத்தோலையைக் குவித்து வைத்து, ஒழுங்கைப் பொடியள் பத்துப் பேருக்கு வகுப்பு எடுத்தேன். ஓலையைக் கிழித்து, மடித்து, செருகினால் வருகிற முடிச்சுக்குக் குருவி என்று பெயர். நான் ஒரு குருவி மடிக்க, அவர்கள் ஒன்று மடிக்க, இருநூறு தோரணம் இருட்டுவதற்குள் முடிந்தது.

"இடையிலை மாவிலை செருகிறதில்லையோ தம்பி?" என்று கேட்டார் மரியசீலி அக்கா.

"அது நாட்டுப்புறம் அக்கா. டவுனுக்கு வேண்டாம்" என்றேன். (நான் டவுனுக்கு வந்து மூன்று மாதம்.)

விடியவே எழும்பி, ஒழுங்கை வாசலிலிருந்து மாஸ்டர் வீட்டுப் படலை வரை இரண்டு பக்கமும் கட்டி முடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு. எட்டு மணிக்குக் காசிம் நானா கடை திறக்க வந்தார். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"தம்பி, கோவிக்கப்படாது. ஒண்டு கேக்கிறன்."

"கேளுங்கோ நானா."

"போன மாசம் சந்திக் கடைக்காரர் மோசம் போனாரல்லோ. அண்டைக்கு அவரின்ரை வாசல்லை கட்டினதும் இதுவும் ஒரே தையலாக் கிடக்கு."

கலியாணத் தோரணத்தில் குருவி நாலு இருக்கும், தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுத் தோரணத்தில் மூன்று, தலை கீழே பார்க்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன். ஆனால் ஊரில் ஓலை மடிக்க என்னைக் கூப்பிட்டதெல்லாம் செத்த வீட்டுக்குத்தான். கலியாண வீட்டில் பெரியவர்கள் என்னைப் போன்ற வாயாடிகளை ஓலைக்குக் கிட்டவும் விட்டதில்லை. தலைக்குத் தெரிந்ததைக் கைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"தலைகீழாத் திருப்பிக் கட்டுவமோ நானா?"

"திருப்பினாலும் மூண்டு மூண்டுதான் தம்பி."

அந்த நேரம் பார்த்து, மாஸ்டரின் சொந்தக்காரர் ஒருவர் சைக்கிளில் இளைத்து இளைத்து வந்து இறங்கினார். "மாப்பிள்ளை வீட்டார் வெளிக்கிட்டிட்டினம். பலாலி ஆமிக் காம்ப் பக்கம் ஹெலி சுத்துதாம். பாதை பூட்ட முன்னம் வந்திடுவம் எண்டு வெள்ளெனக் காரிலை ஏறிட்டினம். மருதனார்மடத்திலை காரை மறிச்சு வைச்சிருக்கிறதை நான் கண்டனான். விட்டா அரை மணித்தியாலத்திலை இஞ்சை நிப்பினம்."

அவர் உள்ளே போனார். நான் அப்படியே காசிம் நானாவின் கடைப்படியில் இருந்துவிட்டேன். விறகு வண்டிலைக் கண்டு திரும்பியவர்களாவது ஒரு வண்டிலைத்தான் கண்டார்கள். இந்த மாமிக்கு நான் இருநூறு சாவைத் தொங்கவிட்டிருந்தேன்.

"எழும்பு தம்பி. மிச்ச ஓலை கடைக்குள்ளை ஈரச்சாக்கிலை கிடக்கு. நாலு குருவி மடிக்க உனக்குத் தெரியுமோ?"

"பாத்திருக்கிறன். மடிச்சதில்லை."

"அப்ப எங்கையாவது ஒண்டு கொண்டு வா. அளவுச் சட்டை கையிலை இருந்தா நான் அரசனுக்கும் தைப்பன்."

சந்தி வைரவர் கோயிலில் போன கிழமை பூசைக்குக் கட்டிய தோரணம் காய்ந்து தொங்கியது. வைரவரிடம் ஒரு சொல் கேளாமல் ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்தேன். (அவர் பிறகு வட்டியோடு வாங்கிக்கொண்டார், சொல்லுகிறேன்.) காசிம் நானா அதை மேசையில் வைத்து, தையல் பிரிக்கிறதுபோல ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். மரியசீலி அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். குருத்தோலை ஞாயிறுக்கு வருசா வருசம் நூறு சிலுவை மடிக்கிற கை அது. இரண்டு தரம் பார்த்தார், மூன்றாம் தரம் மடித்துவிட்டார். நாலு குருவி, தலை மேலே.

"பொடியளை எழுப்பு" என்றார். "நீ ஓலையைத் தொடாதை. போய் உன்ரை சாவுகளை அவிழ்."

நான் ஏணியோடு ஓடினேன். பாதி அவிழ்த்திருப்பேன், ஹெலி தலைக்கு மேலே வந்துவிட்டது. எல்லோரும் மரியசீலி அக்காவின் மாமரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். பயத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அக்கா மட்டும், "நிண்டது நிக்கிறியள், மாவிலையை ஆயுங்கோ" என்றார். ஆய்ந்தோம்.

ஹெலி விலகியதும் திரும்பவும் ஏணி. மாஸ்டர் வீட்டுப் படலைக்கு வந்தபோது கீழே பட்டு வேட்டியோடு மாஸ்டர் நின்றார்.

"என்ன செய்யிறாய்?"

"வாடிப்போச்சு மாஸ்டர். மாத்துறன்."

அவர் குனிந்து கீழே கிடந்த ஒன்றை எடுத்தார். விரலால் எண்ணினார். கணித வாத்தியாருக்கு மூன்று வரை எண்ண அவ்வளவு நேரம் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

"ஆர் செத்தது, ராசன்?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை, மாஸ்டர்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சால்வையை மதிலில் போட்டுவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். "கெதியா அவிழ்" என்றார்.

ஒழுங்கை வாசலில் கார் ஹோர்ண் கேட்டது. எனக்கு உயிர் போனது. ஆனால் கார் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால், காசிம் நானா நடுவழியில் ஊசியும் நூலுமாக நின்றார்.

"மாப்பிள்ளைத் தம்பி, சால்வைக் கரையிலை நூல் பிரிஞ்சு கிடக்கு. இப்பிடியே போனா ஒழுங்கைக்கு வெக்கம். இறங்குங்கோ, ரெண்டு நிமிசம்."

மாமி இறங்கிவிட்டார். நூல் பிரிந்தால் அதற்கும் ஒரு சகுனம் இருக்கும் போலும். "வடிவாத் தையுங்கோ. முடிச்சுத் தெரியப்படாது" என்று கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு அருகில் நின்றார். காசிம் நானா வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகத் தைத்ததில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முறை நூலை நாக்கில் நனைத்தார். இடையில் எல்லோருக்கும் சர்பத் வந்தது.

அந்தச் சர்பத் முடிவதற்குள் பொடியள் நாற்பது புதுத் தோரணத்தை மாவிலையோடு கட்டி முடித்தார்கள். கடைசி நிமிடத்தில் கையில் மிஞ்சியது என்னுடைய இருநூறும்தான். இரண்டு சாக்கு. எறிய இடமில்லை, எரிக்க நேரமில்லை. மதிலோரம் கறுப்புக் கார் ஒன்று டிக்கி பூட்டாமல் நின்றது. யாரோ விருந்தாளியுடையது. உள்ளே கொட்டி மூடினேன்.

மாப்பிள்ளை வந்தார். மாமி படலையில் நின்று அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "வடிவான தோரணம்" என்று மாமி உள்ளே போனார். நல்ல நேரத்தில் தாலி ஏறியது. நான் முதல் முறையாக அன்று தண்ணீர் குடித்தேன்.

பின்னேரம் பெண் மாப்பிள்ளையை அனுப்புகிற நேரம் வந்தது. புவனாக்காவின் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு சாரதி அந்தக் கறுப்புக் காரை நோக்கி நடந்தார். அப்போதுதான் அது யாருக்காக வாடகைக்குப் பிடித்த கார் என்று எனக்கு விளங்கியது. (வைரவரின் வட்டி.) "அதைத் திறவாதையுங்கோ" என்று சொல்ல வாய் திறந்தேன். எந்த நேரமும் ஓடுகிற வாய், அந்த நேரம் ஓடவில்லை.

டிக்கி திறந்தது. இருநூறில் ஒரு ஐம்பது சாரதியின் காலில் கொட்டியது. மாமி குனிந்து ஒன்றை எடுத்தார். மாமியின் முகத்தில் இரத்தம் இல்லை. புதுத் தாலியோடு புவனாக்கா மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் இதைச் செய்தது? ஆருக்கு இந்தப் பிள்ளையிலை பகை?"

செய்வினை என்று நினைத்துவிட்டார். இனி மறைத்தால் புவனாக்காவின் வாழ்க்கையோடு அந்தச் சந்தேகமும் தெல்லிப்பழைக்குப் போய்ச் சேரும். முன்னால் போனேன். அளவெட்டிப் பெருமையிலிருந்து வைரவர் கோயில், மாமரம், ஊசி நூல் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருவரும் சிரிக்காமல் கேட்ட ஒரே கதை அது.

மாமி காசிம் நானாவின் பக்கம் திரும்பினார். "அப்ப சால்வையிலை நூல் பிரியேல்லையோ?"

காசிம் நானா அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "இனிப் பிரியாது அம்மா."

மாமி மாப்பிள்ளையின் சால்வைக் கரையைப் பிடித்துப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். பிறகு புவனாக்காவைப் பார்த்தார். "இது முந்தித் தெரிஞ்சிருந்தா நான் காரைத் திருப்பியிருப்பன்" என்றார். "தெரியாமல் போனது இந்தப் பிள்ளையின்ரை அதிட்டம். நல்ல சகுனம்தான்." என்னைப் பார்த்தார். "நாலாம் நாள் சடங்குக்கு எங்கடை வீட்டுக்கு வா. நீதான் கட்டுறாய். நான் எண்ணுவன்."

போனேன், கட்டினேன், எண்ணினார். மூன்று தோரணத்தைத் திருப்பித் தந்தார்.

அதிலிருந்து அந்த இரண்டு குடும்பத்திலும், எங்கள் ஒழுங்கையிலும், யாராவது தனக்கு எல்லாம் தெரியும் என்று கதைத்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தினை குருவி?" தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது கடையைவிட்டு ஒழுங்கையைவிட்டுப் புத்தளம் போகவேண்டி வந்த பிறகும், காசிம் நானா எனக்கு எழுதிய கடிதங்களின் கடைசி வரி அதுதான். என் மகன் கார் ஓடப் பழகிவிட்டேன் என்று வந்து நின்றபோது என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

மாமி இப்போது கனடாவில், புவனாக்கா வீட்டில். தொண்ணூறைத் தொடப்போகிறார். அதற்குப் பிறகு என்னைக் கலியாணத்துக்குத் தோரணம் கட்ட ஒருநாளும் விடாத மனுசி, தன்னுடைய கடைசிக் காரியத்துக்கு நான்தான் கட்டவேண்டும் என்று எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். அதில் என்னைப்போல் பிழைவிடாமல் மடிக்க ஆளில்லையாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைபேசி எடுப்பார்.

"ராசன், ஓலை வெட்டி வைச்சிருக்கிறியோ?"

"இல்லை மாமி. குருத்து இன்னும் வெளியிலை வரேல்லை."

"சரி, வரட்டும். அவசரமில்லை" என்பார்.