மொட்டைத் தோட்டமும் ஏலப் பூசணியும்

எந்த நஷ்டத்துக்கும் கைதட்டத் தெரிந்த ஒரே மனுஷி மண்ணூர் ஸ்தோத்திரம் அக்காதான். டயர் பஞ்சரானாலும் ஸ்தோத்திரம், பால் திரிந்தாலும் ஸ்தோத்திரம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இருங்காட்டுக்கோட்டையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது. அறையில் என் பாயை வேறொருவன் விரித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை. தோளில் பை, வயிற்றில் ஒன்றுமில்லை. சர்வீஸ் ரோட்டில் கரும்புக்கட்டோடு அக்காவின் மொபெட் நின்றுபோயிருந்தது.

"எங்க போற தம்பி?"

"தெரியலக்கா. வேலை போயிடுச்சு."

"ஸ்தோத்திரம்! அப்ப சும்மாதான கீற? பின்னாடி புட்ச்சித் தள்ளு."

தள்ளினேன். வழியெல்லாம் பேசினார். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள நிலத்தில் அக்காவும் சபைப் பெண்களும் காய்கறி போட்டிருந்தார்கள். சபைச் செயலாளருக்கோ அதை லாரி நிறுத்தக் குத்தகைக்கு விட ஆசை. ஹாஸ்டல் மெஸ் நடத்துபவர் ஒருவர் அன்று தோட்டத்தைப் பார்க்க வருகிறார். அவர் தினமும் காய் வாங்கச் சம்மதித்தால் நிலம் பெண்களுக்கு, இல்லாவிட்டால் லாரிகளுக்கு.

அக்கா லேசுப்பட்டவர் அல்ல. போர்வெல் வற்றிய வருஷம், ஆமென் சொல்லாமல் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவைத்து, தண்ணீர் வந்த பிறகுதான் முடித்தாராம்.

போய்ப் பார்த்தால் தோட்டத்தில் ஒரு பிஞ்சு இல்லை. அன்று அறுப்பின் பண்டிகை. சபைப் பெண்கள் பக்தி முற்றி, இருந்ததையெல்லாம் பறித்துப் பீடத்தில் குவித்துவிட்டார்கள்.

"ஆண்டவருக்குப் போய் மிச்சம் வெக்கலாமா அக்கா?" என்றாள் ஒருத்தி.

மெஸ்காரர் வந்து இறங்கினார். "இன்னாம்மா, தோட்டம்னு சொல்லிட்டு கிரவுண்டக் காட்ற?"

"லாரிக்கு நல்லா சமமா கீது பாருங்க" என்றார் செயலாளர் சந்தோஷமாக.

அக்கா கைதட்டினார். "ஸ்தோத்திரம்! காயெல்லாம் உள்ள ஜெபத்துல கீது. வா அண்ணே."

"சரி, ஒண்ணு குடு. சமைச்சுப் பாக்கறேன்."

"காணிக்க வெச்சத எட்த்துத் தரக்கூடாது அண்ணே. ஏலத்துல எடு."

ஆராதனை முடிந்து காணிக்கைக் காய்களின் ஏலம் தொடங்கியது. மெஸ்காரர் பூசணிக்குக் கை தூக்கினார். விபரீதம் புரிந்த செயலாளர் போட்டிக்குத் தூக்கினார். மெஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கத்துக்குக் கேட்பதுபோல் கேட்டு ஜெயித்தார். சபையே கைதட்டியது.

செயலாளர் இரண்டு கையையும் நீட்டினார். "குடுங்க சார். மொத தபா எட்த்தவங்க சபைக்கே திருப்பிக் குடுக்கணும். மறுபடி ஏலம் வுடுவோம், அதுல எட்த்தவங்கதான் வூட்டுக்குக் கொண்டு போலாம். அதான் வழக்கம்."

"இன்னாயா வழக்கம்? துட்டு குட்த்தேன், பூசணி என்னுது!"

கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார். அந்த சர்ச்சில் அப்படி யாரும் செய்ததில்லை.

"ஸ்தோத்திரம்!" என்றார் அக்கா. "இனிமே அது சாம்பார் பாடு."

சாயங்காலம் மெஸ்காரர் திரும்பி வந்தார். "ஹாஸ்டல்ல தெக்கத்திப் பசங்ககூட தட்ட வழிச்சித் துன்னுட்டானுங்கம்மா. நாளையிலேர்ந்து டெய்லி காய் அனுப்பு."

செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஆடினார்கள். பிறகுதான் எல்லாருக்கும் மொட்டைத் தோட்டம் ஞாபகம் வந்தது. நாளைக்கு எதை அனுப்புவது? அன்று முதல்முறையாக, தட்டுவதற்கு அக்காவின் கை சேரவில்லை.

மறுநாள் விடிந்ததும், சர்ச் திண்ணையில் படுத்திருந்த என் கையில் ஒரு கோணிப்பையைக் கொடுத்தார். ஏலத்தில் காய் எடுத்த வீடுகளுக்கெல்லாம் நடந்தோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கத்திரிக்காய், சுரைக்காய், கொல்லையில் காய்த்த முருங்கை என்று பையில் போட்டார்கள். செயலாளர் தன் வீட்டு வாசலில் வெண்டைக்காயோடு காத்திருந்தார். "லாரிக்காரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவர் மனைவி என்னைப் பார்த்து, "யாருக்கா இது, புதுசா?" என்று கேட்டார்.

"நம்ம ஆளு" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோணி தோளை அறுத்தது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை.