கல்யாணசுந்தரத்தின் சீனக் கிளையண்ட்

ஏழு தடவை கோட்டை விட்டு, எட்டாவது தடவை டிரைவிங் டெஸ்டில் பாஸானான் கல்யாணசுந்தரம். துபாய்க்குப் பக்கத்தில், ரோலாவில் இருந்த ஃபிளாட்டுக்கு ஸ்வீட் பாக்ஸும் கையுமாக ஓடி வந்தால், பெண்டாட்டி சுசீலா தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு லைசென்ஸ் கிடைச்சா ஒரு மண்டலம் கவுச்சியே தொடமாட்டீங்கன்னு பழனி முருகனுக்கு வேண்டியிருந்தேன்."

"வேண்டிக்கிட்டது நீ. நாப்பத்தெட்டு நாள் காயறது நானா?"

"லைசென்ஸ் யாருக்கு வந்துச்சு?"

நம்ம வீட்டுப் பெண்களின் வேண்டுதலே இப்படித்தான். வாய் அவர்களுடையது, வயிறு புருஷனுடையது.

இருபது நாள் கீரையும் கூட்டுமாக ஓடியது. இருபத்தொன்றாம் நாள், ஆபீசில் உட்கார்ந்திருந்தவனுக்கு துபாய் தேராவில் இருக்கும் அந்தச் சீன ஹோட்டல் ஞாபகம் வந்து தொலைத்தது. பெரிய இரும்புச் சட்டியில், தீ குபுகுபுவென்று எழும்ப, நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிப் புரட்டுவார்கள். மேலே தேன் தடவிச் சுட்ட பன்றிக்கறி, ஓரம் கருகி, சிவப்பாக, துண்டு துண்டாக! அந்த ஐட்டமெல்லாம் மெனுவின் கடைசிப் பக்கத்தில், 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்று தனியாகப் போட்டிருக்கும். கல்யாணசுந்தரம் மெனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பான். முருகா, மன்னிச்சுக்கோப்பா.

சாயங்காலம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"சுசீலா, சீனாவிலேர்ந்து கிளையண்ட் வந்திருக்கார். வியாழக்கிழமை டின்னருக்குக் கூப்பிடறார். அவங்க வைக்கிறதைச் சாப்பிடலைன்னா மனசு நொந்துடுவாங்களாம். கான்ட்ராக்டே கலாஸ்."

"அச்சச்சோ! அப்போ நானும் வரேன். குடும்பத்தோட போனாத்தானே மரியாதை?"

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். சரி என்றால் கிளையண்டுக்கு எங்கே போவது? மறுநாள் அந்த ஹோட்டல் முதலாளி லீயின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பழகிய வாடிக்கையாச்சே! கோட்டு மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் கிளையண்டாக உட்கார லீ சம்மதித்தார்.

வியாழக்கிழமை சுசீலா பட்டுப்புடவையில் அந்த ஹோட்டலில் வந்து இறங்கினாள். உட்கார்ந்ததும் லீக்கு ஒரு கும்பிடு போட்டு, இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"சார், இவர் சாமிக்கு விரதம். நாப்பத்தெட்டு நாள் கறி தொடக்கூடாது. உங்களுக்காக இன்னிக்கு முறிக்கப்போறார்."

லீயின் முகம் வெளுத்துவிட்டது. "சாமிக்கா? எங்கம்மாவும் அமாவாசை, பௌர்ணமிக்குக் கறி தொடமாட்டாங்க மேடம்! சாமிக்குக் கொடுத்த வாக்கை நான் முறிக்க வச்சா, என் கடை விளங்குமா?"

"உங்க கடையா?"

லீ நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினார். கல்யாணசுந்தரம் தண்ணீரைக் குடிப்பதுபோல் டம்ளருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான். சுசீலா சர்வரைக் கூப்பிட்டு, மெனுவில் விரலை வைத்து ஆர்டர் கொடுத்தாள்.

சாப்பாடு வந்தது. அவன் முன்னால் வேகவைத்த கீரை, நாலு காளான். மணக்க மணக்க நூடுல்ஸும் சிவந்த கறியும் சுசீலா முன்னால் போய் உட்கார்ந்தன.

"நீ பன்றியெல்லாம் தொடமாட்டியேடி!"

"கிளையண்ட் மனசு நோகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். "அடப்பாவி மனுஷா! இவ்வளவு நாளா இதைத் தனியாவா தின்னுட்டு வந்தீங்க?"

தட்டு வழித்துத் துடைத்த மாதிரி காலியானது. கல்யாணசுந்தரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கீரையை மென்று விழுங்கிக்கொண்டு, தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

"போகட்டும் சுசீலா. கிட்டத்தட்ட பாதி நாள் தாண்டியாச்சு. மிச்சத்தையும் ஓட்டிடறேன்."

"எது பாதி? விரதத்துல பொய் சொன்னா விரதம் முறிஞ்சுது. நாளையிலேர்ந்து ஒண்ணாம் நாள்."

ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் கறி விரதத்தை முறித்தவன், வளைகுடா முழுக்கத் தேடினாலும் கல்யாணசுந்தரம் ஒருத்தன்தான்.