கரடி பகிர்ந்த மாத்திரை

ஒரு காட்டில், செல்போன் டவர் முளைத்த புதிதில், மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. தேனடை கிடைத்தால் முதல் வாயை அடுத்தவருக்குத்தான் ஊட்டும். யாராவது "வள்ளல்" என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அதற்குப் பசியே எடுக்காது.

ஒருநாள் உள்ளங்காலில் முள் குத்திச் சீழ் கட்டியது. காய்ச்சலில் முனகியபடி கொக்கு டாக்டரம்மாவிடம் நொண்டிப் போனது. அவர் தன் அலகாலேயே முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓர் அட்டை ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்.

"வலி நின்னாலும் நிறுத்தக் கூடாது. முதல்ல சோப்ளாங்கிக் கிருமிதான் சாகும். முரட்டுக் கிருமி கடைசிவரைக்கும் மல்லுக்கு நிக்கும். அட்டை காலியாகிறவரைக்கும் முழுங்கணும், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா," என்றது கரடி.

பாதி அட்டை தீர்வதற்குள் காய்ச்சல் விட்டது. கரடி மரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கையில் மூக்கு ஒழுக முயல் வந்தது.

"அண்ணே, ஜலதோஷம். நீங்க சாப்பிடுற அந்த மாத்திரையில ஒண்ணு..."

"அட, இதுக்கா தயங்குறே? இந்தா!"

முயல் போய்ச் சொல்ல, தொண்டைக் கட்டோடு மயில் வந்தது. குரங்குக்கு வால் சுளுக்கு. நரிக்கு ஒரு கேடுமில்லை. எல்லாரும் வாங்குகிறார்களே என்று அதுவும் கை நீட்டியது. அட்டை காலியானது. "வள்ளல் மாசிலாமணி வாழ்க!" என்று குரங்கு கத்தியபோது கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் காலுக்குள்ளும் அன்று கொண்டாட்டம். தப்பிப் பிழைத்த முரட்டுக் கிருமிகள், "அடி நின்னுடுச்சுடா!" என்று குட்டிபோட ஆரம்பித்தன. குட்டிகளும் முரடு.

கால் பூசணிக்காயாக வீங்கியது. டாக்டரம்மா அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். கிருமிகள் மிட்டாய்போலச் சப்பிவிட்டு அடுத்தது எங்கே என்றன.

மாத்திரையைப் பங்கு வைத்த கதையைச் சொல்லிவிட்டு, "காலை எடுத்துடுவீங்களாம்மா?" என்று கரடி விம்மியது.

"முதல்ல உன் வள்ளல் பட்டத்தைத்தான் எடுக்கணும். ஜலதோஷம் வைரஸ் வேலை, அதுக்கு இந்த மாத்திரை எதுக்கு? சுளுக்குக்கு எதுக்கு? இனிமே பெரிய ஊசி, அப்புறம் வேற மாத்திரை. இதுவும் கேக்கலைன்னா என்கிட்ட மருந்து கிடையாது."

யானைக்குப் போடும் ஊசி அது. கரடி போட்ட அலறலில் மரத்திலிருந்த அணில்கள் உதிர்ந்தன.

புது அட்டையோடு வெளியே வந்தால் வாசலில் நீண்ட வரிசை. கரடியின் காலிலிருந்து கிளம்பிய கிருமிகள் ஊர் சுற்றியிருந்தன. முயலுக்குக் காதில் சீழ், குரங்குக்கு வாலில் சீழ்.

"வள்ளல் வந்துட்டாரு! அண்ணே, ஆளுக்கு ஒண்ணு குடுங்களேன்!"

கரடியின் கை தானாகவே நீண்டது. வீங்கிய கால் சுரீரென்றது. பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை தொண்டையில் சிக்கியது.

"இ... இல்... இல்லே! தரமாட்டேன்! உள்ளே போய் டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க!"

அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. அது தீரும்வரை இறங்கவேயில்லை. கீழே, "கஞ்சப் பிசினாறி! ஒத்தை மாத்திரைக்கு வழியில்லை, இவனெல்லாம் வள்ளலாம்!" என்று ஒரே வசவு. கரடி அழுதுகொண்டே வேளை தவறாமல் விழுங்கியது.

கால் பிழைத்தது. பெயர்தான் போயிற்று.

நீதி: பகிர்ந்து உண்ணும் பண்பை ஒருபோதும் கைவிடாதீர்கள், கிருமிகளுக்கும் குழந்தைகுட்டிகள் உண்டு.