மூட்டை மிஸ்ஸும் மத்தியான கரண்ட் கட்டும்

கண்ணில் பட்ட மனிதரை வேலை வாங்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லாத பெண்மணி கடலூரில் ஒருவர்தான். அவர் மூட்டை மிஸ்.

2008 வாக்கில், செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு மொபெட்டில் வருவார். முன்னால் ஒரு கோணி மூட்டை. உள்ளே கொட்டாங்குச்சி, சல்லடை, உடைந்த வளையல், பழைய சைக்கிள் மணி. என் மகள் கயலுக்குப் பாட்டு, பேச்சு, ஓவியம் எல்லாமே அந்த மூட்டையிலிருந்துதான்.

கயல் எங்களிடம் வாயாடி. அப்பா அம்மாவைத் தவிர வேறு யார் வந்தாலும் வாய்க்குப் பூட்டு. பள்ளிக்கூடத்தில் "ஊமையா?" என்று கேட்டார்கள். வந்த கோபத்தில் நிறுத்திவிட்டு, வீட்டிலேயே படிக்கவைத்தோம்.

மிஸ் அவளை வற்புறுத்தவே இல்லை. "பேச வேணாம் கண்ணு. ஆமான்னா சொம்புல ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு" என்று கரண்டியைக் கொடுத்துவிட்டார்.

கேஸ்காரரும் தப்பவில்லை. "அண்ணே, காலி சிலிண்டரு ஒரு சுருதி, ஃபுல்லு ஒரு சுருதி. தட்டிக் காட்டுங்க, புள்ள கேக்கட்டும்!"

"லேட்டாவுது மிஸ்" என்று முனகியவர், அடுத்த மாதம் வாசலிலேயே, "இன்னிக்குக் கச்சேரி இல்லியா?" என்றார்.

ஒருநாள் மஞ்சளைக் குழைத்துச் சுவரில் படம் போட்டார்கள். கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டியில் ஒரு மஞ்சள் கொக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க சார், பறந்துடும்!"

இந்த மனுஷியிடம் எவன் பேசி ஜெயிப்பது?

கரண்ட் போனால் மிஸ்ஸுக்குக் கொண்டாட்டம். ஃபேன் நின்றதும் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். கேட்கிற சத்தம் எதைப் போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும்; கயல் மட்டும் நாங்கள் சொல்வதற்குச் சொம்பில் தட்டுவாள். இதற்காகவே எங்களைப் பிச்சாவரத்துக்கு இழுத்துப்போய்ப் மோட்டார் படகுச் சத்தமெல்லாம் கேட்கவைத்தார்.

அப்படியிருக்க, சிதம்பரத்திலிருந்து என் அண்ணன் வந்து இறங்கினார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

"என்னாடா கூத்து இது? ஹாஸ்டல்ல சீட்டு சொல்லி வச்சிட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும், விட்டுடறேன். இல்லாட்டி வர்ற வாரம் சேக்கறோம்."

கயல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தாகம் எடுத்தால் தண்ணீர்கூடக் கேட்காத பிள்ளை, ஹாஸ்டலில் என்ன செய்வாள்?

மத்தியானம் கோழிக்குழம்புச் சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போனது.

"சார், கண்ண மூடுங்க" என்றார் மிஸ், அண்ணனிடம்.

"யாரு, நானா?"

"வீட்டுல இருக்கிற எல்லாரும்!"

ஆயிரம் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர், சாய்வு நாற்காலியில் கப்சிப்பென்று கண்ணை மூடினார். காக்கை கரைந்தது. பக்கத்து வீட்டில் அம்மிச் சத்தம். பிறகு நாற்காலிப் பக்கமிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது. மெல்லத் தொடங்கி, மேலே ஏறி, திக்கி நின்று, டபடபவென்று வெடித்தது.

"இது என்னா சத்தம்?" என்றார் மிஸ்.

நான் கரண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"பிச்சாவரம் மோட்டார் போட்டு!"

வீடே அதிர்ந்தது. அண்ணன் திடுக்கிட்டு விழித்தார். "யாரு? யாரு பேசுனது?"

"நான்தான் பெரியப்பா. சேத்துல மாட்டுன போட்டு மாதிரி கொறட்டை விடுறீங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னைக் கிண்டல் பண்றதுக்காச்சும் வாயத் தொறந்தாளே! ஹாஸ்டலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பாடா! நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"ஆட்டத்தக் கெடுத்துட்டானுங்களே, பாவிங்க!" என்று திட்டிக்கொண்டே மிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இப்போதும் கரண்ட் போனால் தெருவே திட்டுகிறது. உள்ளே கயல் யாரிடமோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். நான் மூட்டை மிஸ் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.