பதவிக்குத் தகுந்த திருகல்

கடுகளவு லேசர் ஒன்று ஓர் அலுவலகத்தையே ஆட்டி வைக்குமா என்று கேட்கிறீர்களா? வைத்தது.

குறைகடத்தி லேசர் என்பார்கள். அது விட்ட வெளிச்சத்தில் துளி திரும்பி வந்து அதன்மேலேயே பட்டால் போதும், தலைகால் புரியாது. ஒளியை அளந்து காட்டும் திரையில் கோடு கன்னாபின்னாவென்று குதிக்கும். இதை அடக்கவே ‘குழப்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே தற்காலிக ஆராய்ச்சிக்காரி நம்மவள். மேலிடத்து ஆய்வுக்குழு வருவதற்குள் கோடு அடங்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. பிள்ளையை அப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தாள்.

மருந்து அவளுக்குத் தெரியும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழை மயிரிழை திருப்பினால் போதும். ஆனால் குமிழைத் தொடும் உரிமை மேன்மைமிகு அதிகாரிகளுக்கே என்று சுற்றறிக்கை.

இயக்குநர் கோட்டும் சூட்டுமாக வந்தார்.

“சார், இம்மியளவு போதும்.”

“இம்மியளவு திருப்ப நான் எதுக்கும்மா? என் பதவிக்குன்னு ஒரு அளவு வேணாமா?”

முழுச் சுற்று சுற்றினார். கோடு திரையை விட்டே ஓடியது.

“பாத்தியா, பயந்துடுச்சு.”

துணை இயக்குநர் தம் தகுதியறிந்து அரைச் சுற்றோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, ஒழுங்கீனத்துக்கு விளக்கம் கேட்டு லேசரின் முன்னால் ஒரு கடிதம் ஒட்டப்பட்டது. பதில் வராததால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மயிரிழை நகர்த்தினாள். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

ஆய்வுக்குழு வந்தது.

“எமது உறுதிமிக்க தலைமையால்...” என்று தொடங்கினார் இயக்குநர்.

குழுத்தலைவர் திரையை உற்றுப் பார்த்தார். “குழப்பமே காணோமே?”

“துளிகூட இல்லைங்க.”

“அப்ப அதைக் கட்டுப்படுத்த ஒரு பிரிவு எதுக்கு? மூடிடலாமே.”

இயக்குநர் நம்மவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஐயா, பக்கத்து ரூம்ல இன்னும் நிறைய லேசர் இருக்குங்க. ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்காது,” என்றாள், கண் இமைக்காமல்.

“அப்படியா? டீ குடிச்சிட்டு வந்து பாக்கறோம்.”

அவர்கள் நகர்ந்ததும் பக்கத்து மேசைக்காரியின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அங்க எல்லாம் ஒழுங்கா எரிஞ்சு தொலைக்குது. ஓடிப்போய்க் கொஞ்சம் கெடுத்து வையுங்களேன். ரொம்பக் கெடுத்துடாதீங்க, அடக்கத் தெரியலைன்னு அதுக்கும் மூடிடுவாங்க.”